சாந்தி சுவரூப் பட்நாகர்

நாள்தோறும் கண்முன் நிகழும் நிகழ்ச்சிகளைக் காண்பவர் பலர். அவற்றின் காரணத்தை ஆராய்ந்து அறிபவர் சிலர். அவ்வாராய்ச்சியால் விளைந்த பயனைத் தமக்கென வைத்துக்கொள்ளாது பிறர்க்கென வழங்கியவர் மிகச் சிலர். அம் மிகச் சிலருள் ஒருவர் வேதியியல் அறிஞர் சாந்தி சுவரூப் பட்நாகர். அவர் வாழ்ந்தது வடநாட்டில். ஆயினும், அவர் துலக்கிய அறிவு நம் கொங்கு நாட்டுத் தொழிற்கூடங்களில் இன்றும் பயன்பட்டு வருகின்றது.

அச்சுப் பட்டறையில் ஒரு காட்சி

நொய்யல் ஆற்றங்கரையில் விளங்கும் திருப்பூர், பின்னலாடைத் தொழிலால் உலகெங்கும் பெயர் பெற்ற நகரம். அந்நகரில் பனியன் துணியின்மீது பூக்களையும் எழுத்துகளையும் அச்சிடும் பட்டறைகள் பல உள. அங்கே மெல்லிய வலை கட்டிய சட்டம் ஒன்றைத் துணியின்மேல் பரப்புவர். அதன்மேல் சாயப் பசையை ஊற்றுவர். ரப்பர் விளிம்பு பொருந்திய கட்டையால் அப்பசையை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்கு அழுத்தி இழுப்பர். தொட்டியில் கூழ்போலக் கெட்டியாய் நின்ற பசை, கட்டை இழுக்கப்படும் அந்நொடியில் இளகி, வலையின் நுண்துளைகள் வழியே எளிதிற் பாய்கின்றது. துணியை அடைந்ததும் மீண்டும் கெட்டியாகி, இட்ட இடத்திலேயே நிற்கின்றது. இளகாதிருப்பின் பசை வலையைக் கடவாது. இளகியபடியே இருப்பின் பூவின் ஓரம் கலைந்து துணி பாழாகும்.

இவ்வாறு இளகுவதும் இறுகுவதும் ஏன்? ஒரு புத்தகத்தை மேசைமீது வைத்து, மேலட்டையின்மீது உள்ளங்கையை ஊன்றி ஒரு பக்கமாகத் தள்ளினால், ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சறுக்கக் காணலாம். பாயும் நீர்மத்தின் அடுக்குகளும் அங்ஙனமே ஒன்றன்மேல் ஒன்றாகச் சறுக்குகின்றன. இதனைச் சறுக்குப் பெயர்ச்சி என்பர். தண்ணீரை மெல்லக் கலக்கினும் விரைந்து கலக்கினும் அதன் பாகுநிலை மாறுவதில்லை. சாயப் பசை, சேறு, வண்ணக்குழம்பு போன்றவையோ சறுக்கும் விரைவு மிகுந்தோறும் இளகும்; அசைவு நின்றதும் மீண்டும் இறுகும். அசையாதிருக்கும்போது ஒன்றோடொன்று பற்றியும் பிணைந்தும் கிடக்கும் நுண்பொருள்கள், சறுக்கும்போது பிணைப்பு நெகிழ்ந்து ஓட்டத்திற்கு இசைந்து செல்வதே அதற்குக் காரணம்.

ஒரு பொருளின் மிக நுண்ணிய துகள்கள் மற்றொரு பொருளில் கரைந்து மறையாமலும், அடியிற் படியாமலும் பரவி நிற்பதைக் கூழ்மம் என்பர். அத்துகள்களின் அளவு ஒரு மில்லிமீட்டரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு முதல் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை இருக்கும். பாலும், எழுதும் மையும், நுண்ணிய களிமண் கலங்கிய நீரும் கூழ்மங்களே. இக்கூழ்மங்களின் இயல்பை ஆராய்ந்து, அதனைத் தொழிலுக்குப் பயன்படுத்திக் காட்டிய இந்தியருள் தலைசிறந்தவர் பட்நாகர்.

பிறப்பும் இளமையும்

பட்நாகர் 1894-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 21-ஆம் நாள், அந்நாளைய பஞ்சாபில் பேரா என்னும் ஊரில் பிறந்தார். அவ்வூர் இன்று பாகிஸ்தான் நாட்டில் உள்ளது. அவர்தம் தந்தையார் பரமேசுவரி சகாய் ஒரு பள்ளியாசிரியர். குழந்தை பிறந்து எட்டுத் திங்கள் நிரம்புமுன் தந்தையார் இறந்தார். தாயார் தம் மகவுடன் தம் தந்தையாரை அடைந்தார். அப்பாட்டனார் ஒரு பொறியாளர். அவர் இல்லத்தில் கருவிகளும் பொறிகளும் நிறைந்திருந்தன. சிறுவர் சாந்தி சுவரூப் அவற்றையே விளையாட்டுப் பொருள்களாகக் கொண்டார். மின்கலங்கள் அமைத்தும், கயிற்றுத் தொலைபேசி கட்டியும் மகிழ்ந்தார். தந்தையை இழந்த குறையைப் பாட்டனாரின் பரிவும் அப்பொறிகளும் ஓரளவு போக்கின.

1908-ஆம் ஆண்டில், குடும்ப நண்பராகிய ரகுநாத சகாய் என்பார் அவரை லாகூருக்கு அழைத்துச் சென்று, தாம் தலைமையாசிரியராக விளங்கிய தயாள் சிங் உயர்நிலைப் பள்ளியில் சேர்த்தார். பின்னாளில் இவர்தம் மகளார் லாஜவந்தி அம்மையாரையே பட்நாகர் மணந்தார். பள்ளி மாணவராயிருந்தபோதே பட்நாகரின் ஆராய்ச்சி உள்ளம் வெளிப்பட்டது. மின்கலத்திற்கு வேண்டும் கரித்தண்டுக்கு மாற்றாக, வெல்லப்பாகுக் கழிவையும் கரிப்பொருளையும் சேர்த்து அழுத்திச் சூடேற்றி ஒரு தண்டு செய்யும் முறையை அவர் கண்டார். 1911-ஆம் ஆண்டில் அலகாபாத்திலிருந்து வெளிவந்த 'லீடர்' இதழுக்கு அதனை எழுதியனுப்பினார். எறியத்தக்க பொருளிலும் பயன் காணும் இவ்வியல்பு அவர் வாழ்நாள் முழுதும் தொடர்ந்தது.

கல்வியும் கடல் கடந்த பயணமும்

கல்லூரியில் அவர் வேதியியலோடு நாடகத்திலும் ஈடுபாடு கொண்டிருந்தார். உருது மொழியில் நாடகம் எழுதியும் கவிதை இயற்றியும் வந்தார். லாகூர் பார்மன் கிறித்தவக் கல்லூரியில் பயின்று 1919-ஆம் ஆண்டில் முதுகலைப் பட்டம் பெற்றார். மேற்படிப்பிற்காகத் தயாள் சிங் அறக்கட்டளை உதவித்தொகை வழங்கிற்று. இங்கிலாந்து வழியாக அமெரிக்கா செல்வதே அவர் நோக்கம். ஆனால், முதல் உலகப்போர் முடிந்து நாடு திரும்பும் அமெரிக்கப் படைவீரர்களால் கப்பல்கள் நிரம்பியிருந்தமையின், அவருக்கு இடம் கிடைக்கவில்லை. எனவே, அறக்கட்டளையாரின் இசைவு பெற்று, இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பேராசிரியர் பிரெடெரிக் டானன் என்பாரிடம் மாணவராய்ச் சேர்ந்தார்.

தடையாய் வந்ததே நன்மையாய் முடிந்தது. டானன் கூழ்ம வேதியியலில் பெரும்புலமை வாய்ந்தவர். பருத்தித் துணிக்கு நிறமூட்டும் காங்கோ சிவப்பு என்னும் சாயத்தைக் கொண்டு, மெல்லிய சவ்வின் இருபுறத்தும் உப்பு எவ்வாறு பங்கிட்டு நிற்கின்றது என்பதை 1911-ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்தவர். அவரிடம் பட்நாகர் பால்மங்களைப் பற்றி ஆராய்ந்தார். எண்ணெய்த் துளிகள் நீரிற் பரவி நிற்பது ஒருவகைப் பால்மம். நீர்த்துளிகள் எண்ணெயிற் பரவி நிற்பது மற்றொரு வகை. பால் முன்னதற்கும் வெண்ணெய் பின்னதற்கும் சான்றாகும். சிற்சில உப்புகளைச் சேர்த்தால் ஒருவகை மற்றொரு வகையாகத் தலைமாறும். அம்மாற்றம் நிகழும் நிலையை மின்கடத்தும் திறனால் அறியும் முறையொன்றை அவர் வகுத்தார். உப்பு சிறிதளவே ஆயினும் கூழ்மத்தின் இயல்பை முற்றிலும் மாற்றவல்லது என்னும் உண்மை அவர் உள்ளத்தில் நன்கு பதிந்தது. 1921-ஆம் ஆண்டில் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பினார்.

காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டுகள் பேராசிரியராகப் பணிபுரிந்தார். அப்பல்கலைக்கழகத்தின் வாழ்த்துப்பாடலை இயற்றியவரும் அவரே. 1924-ஆம் ஆண்டில் லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழக வேதியியல் ஆய்வுக்கூடங்களின் இயக்குநரானார்.

இறுகிய சேறும் இளக்கிய பிசினும்

லாகூரில் இருந்த காலத்தேதான் அவருடைய கூழ்ம அறிவு பெருஞ்சோதனைக்கு உட்பட்டது. இராவல்பிண்டிப் பகுதியில் அட்டாக் எண்ணெய்க் குழுமத்தார் நிலத்தைத் துளைத்து எண்ணெய் எடுத்து வந்தனர். நம் ஊர்களில் ஆழ்துளைக் கிணறு தோண்டுவதைப் பலரும் கண்டிருப்பர். எண்ணெய்க் கிணறு பெரும்பாலும் அதனினும் பன்மடங்கு ஆழமானது. அங்கே துளைக்கும்போது, களிமண்ணை நீரிற் கரைத்த சேற்றைக் குழாய் வழியே விசையுடன் கீழே செலுத்துவர். அச்சேறு துளைப்பானின் வெம்மையைத் தணிக்கும். உடைந்த கற்றுகள்களைச் சுமந்துகொண்டு மேலே வரும். பாயும்போது அது இளகி ஓடவேண்டும். விசை நின்றபோது இறுகி நின்று, தான் சுமக்கும் கற்றுகள்கள் அடியில் விழாதவாறு தாங்கவேண்டும். திருப்பூர்ச் சாயப் பசைக்கு வேண்டும் குணம் எதுவோ, அதுவே இச்சேற்றிற்கும் வேண்டுவது.

ஆனால், நிலத்தடியில் உப்புநீர் குறுக்கிட்டது. அந்நீர் கலந்தவுடன் சேறு கட்டியாய் இறுகிற்று. நேரம் செல்லச் செல்ல மேலும் இறுகிற்று. துளைக்கும் பணி தடைப்பட்டது. குழுமத்தார் பட்நாகரை நாடினர்.

இயந்திரத்தின் வலிமையைக் கூட்டினால் தீரும் இடர் அன்று இது என்பதைப் பட்நாகர் உணர்ந்தார். நோய் இயந்திரத்தில் இல்லை, சேற்றில் உள்ளது. களிமண்ணின் நுண்துகள்கள் நீரில் எதிர்மின்னூட்டம் பெற்றிருக்கும். ஒரே வகை மின்னூட்டம் உடையவை ஒன்றையொன்று விலக்கும். ஆதலால் துகள்கள் தனித்தனியே நிற்கின்றன. உப்பு நீரிற் கரைந்து மின்னூட்டம் கொண்ட அயனிகளாகப் பிரியும். அவை களிமண் துகளைச் சூழ்ந்து, அதன் விலக்கும் ஆற்றலை மறைத்துவிடும். பின்னர்த் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு கட்டியாகும். பாலில் எலுமிச்சைச் சாறு விழுந்தால் அதிலுள்ள புரதத் துகள்கள் தம் மின்னூட்டத்தை இழந்து திரிவதும் ஏறக்குறைய இத்தகையதே.

இதற்குப் பட்நாகர் கண்ட மருந்து நம் நாட்டு மரப்பிசின். சேற்றில் அதனைக் கலக்கச் செய்தார். பிசின் களிமண் துகள்களின்மேற் படிந்து காப்பாக அமைந்தது. உப்பு சூழ்ந்தபோதும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. சேற்றின் பாகுநிலை குறைந்தது. உப்புநீரைத் தாங்கும் உறுதி அதற்கு உண்டாயிற்று. தடைப்பட்ட பணி தொடர்ந்தது.

பிசினின் இவ்வாற்றல் நம் முன்னோர் அறியாததன்று. விளக்குக் கரியோடு பிசின் சேர்த்து எழுதும் மை கூட்டுவது இந்நாட்டில் நெடுங்காலமாக உள்ள வழக்கம். பிசின் சேராவிடின் கரி நீரில் நில்லாது அடியிற் படிந்துவிடும். கைப்பழக்கமாக இருந்த அவ்வறிவின் காரணத்தை உணர்ந்து, அதனை முற்றிலும் வேறானதோர் இடத்தில் பொருத்திக் காட்டியதே பட்நாகரின் திறம்.

பொருளைத் துறந்த பெருந்தகைமை

குழுமத்தைச் சார்ந்த ஸ்டீல் சகோதரர்கள் பெரிதும் மகிழ்ந்து, எண்ணெய் பற்றிய ஆராய்ச்சிக்காகப் பட்நாகருக்கு 1,50,000 ரூபாய் வழங்க முன்வந்தனர். அக்காலத்தில் அது மிகப் பெருந்தொகை. பட்நாகரோ தந்தையின்றி வளர்ந்தவர். பிறர் உதவியால் பயின்றவர். குடும்பப் பொறுப்பு உடையவர். அத்தொகையை அவர் தம் பெயரில் ஏற்றிருப்பின் குறை கூறுவார் எவரும் இலர். எனினும், அதனைத் தமக்கு அளிக்க வேண்டா என்றும், பல்கலைக்கழகத்திற்கே அளிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். அத்தொகையால் பல்கலைக்கழகத்தில் எண்ணெய் ஆராய்ச்சித் துறை ஒன்று தோன்றிற்று. மாணவர்கள் உதவித்தொகை பெற்று அங்கே ஆராய்ச்சி செய்தனர். மெழுகின் தீநாற்றம் போக்குதல், மண்ணெண்ணெய் விளக்கின் சுடரை உயர்த்துதல், உலோகம் அரிக்கப்படாமற் காத்தல் முதலிய பணிகள் நடைபெற்றன. அவற்றின் பயனைக் கண்ட குழுமத்தார், கொடையை 2,50,000 ரூபாயாக உயர்த்தினர். ஐந்தாண்டு என்றிருந்த காலத்தைப் பத்தாண்டாக நீட்டித்தனர்.

இச்செயலை அறிந்த வானியற்பியல் அறிஞர் மேகநாத சாகா, பல்கலைக்கழக ஆசிரியர்களின் மதிப்பையே இஃது உயர்த்திற்று எனப் பாராட்டி மடல் விடுத்தார். பட்நாகர் பெற்ற கல்வி, பிறர் அமைத்த அறக்கட்டளையின் கொடையால் வந்தது. அக்கல்வியின் பயன் பின்வரும் மாணவர்க்குச் சேர்தலே முறை என அவர் கருதினார் போலும். வள்ளுவர் ஒப்புரவு என்று வகுத்த அறத்திற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

நாட்டிற்கு ஆற்றிய பணி

பட்நாகர் காந்த வேதியியலிலும் புகழ் பெற்றார். மாத்தூர் என்பாருடன் சேர்ந்து 1928-ஆம் ஆண்டில் பொருள்களின் காந்த இயல்பை அளக்கும் நுண்கருவி ஒன்றை அமைத்தார். அத்துறை பற்றி இருவரும் எழுதிய நூல் 1935-ஆம் ஆண்டில் வெளிவந்தது.

இரண்டாம் உலகப்போர் மூண்டபோது, அயல்நாட்டுப் பொருள்களின் வரவு குறைந்தது. உள்நாட்டிலேயே ஆராய்ச்சி வளரவேண்டும் என்பதை அரசுக்கு எடுத்துரைத்தவர், வைசிராயின் ஆட்சிக்குழுவில் அங்கம் வகித்த தமிழர் ஆர்க்காடு இராமசாமி முதலியார். அவர்தம் முயற்சியால் 1940-ஆம் ஆண்டில் அறிவியல் தொழிலாராய்ச்சி வாரியம் அமைந்தது. பட்நாகர் அதன் இயக்குநரானார். 1942-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் அறிவியல் தொழிலாராய்ச்சிக் கழகம் தோன்றிற்று. விடுதலைக்குப் பின்னர், பிரதமர் நேருவின் துணையோடு நாட்டின் பல பகுதிகளில் தேசிய ஆய்வுக்கூடங்களைப் பட்நாகர் நிறுவினார். தமிழ்நாடும் அப்பயனைப் பெற்றது. சென்னையில் 1948-ஆம் ஆண்டில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் தோன்றிற்று. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்க, காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. அது 1953-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் திறந்துவைக்கப்பெற்றது.

ஆலைகள் தனித்தனியே ஆய்வுக்கூடம் அமைத்தல் அரிது. ஒரு தொழிலைச் சார்ந்தார் பலரும் ஒன்றுகூடிப் பொதுவில் ஆராய்ச்சி நடத்தின், அனைவரும் பயன் பெறலாம். இக்கருத்தால் தொழில்வழிக் கூட்டாராய்ச்சி இயக்கத்தையும் பட்நாகர் தொடங்கிவைத்தார். அவ்வழியிலேயே 1956-ஆம் ஆண்டில் கோவையில் தென்னிந்திய நெசவாலை ஆராய்ச்சிக் கழகம் தோன்றிற்று. ஆனால், அதனைக் காண அவர் இருந்திலர்.

இறுதி நாள்கள்

1941-ஆம் ஆண்டில் சர் பட்டமும், 1943-ஆம் ஆண்டில் இலண்டன் அரசு கழகத்தின் உறுப்பினர் என்னும் சிறப்பும், 1954-ஆம் ஆண்டில் பத்மபூஷண் விருதும் பட்நாகரை வந்தடைந்தன. 1946-ஆம் ஆண்டில் துணைவியார் மறைந்த துயரம் அவரை வாட்டிற்று. அவர் இயற்றிய உருதுக் கவிதைகளின் தொகுப்பு அவ்வம்மையார் பெயராலேயே வெளிவந்தது. 1955-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், தம் 60-ஆம் வயதில், மாரடைப்பால் உயிர் நீத்தார். 1957-ஆம் ஆண்டில், இளம் அறிவியலறிஞர்களை ஊக்குவிக்கும் பரிசு அவர் பெயரால் ஏற்படுத்தப்பெற்றது.

நாம் கொள்ளத்தக்கது

அட்டாக்கில் சேற்றைக் கெடுத்த உப்பு, திருப்பூர்ச் சாயப்பட்டறையில் துணை செய்கின்றது. பருத்தி இழையும் சாயமும் நீரில் எதிர்மின்னூட்டம் கொண்டு ஒன்றையொன்று விலக்கும். உப்பு அவ்விலக்கத்தை மறைக்கவே, சாயம் இழையை அணுகிப் பற்றுகின்றது. விதி ஒன்றே, இடத்திற்கேற்ப நன்மையும் தீமையும் விளைகின்றன. ஆனால், வேலை முடிந்தபின் அவ்வுப்பு கழிவுநீரோடு வெளியேறுகின்றது. கலங்கிய நீரிலுள்ள நுண்துகள்களைச் சுண்ணாம்பு முதலியன இட்டுத் திரட்டிப் பிரிக்கலாம். கரைந்த உப்பு அவ்வாறு பிரியாது. நொய்யல் ஆறும், ஒரத்துப்பாளையம் அணையும், அவற்றை நம்பிய வயல்களும் அவ்வுப்பினாலும் சாயத்தினாலும் கெட்டன. 2011-ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டது. உழவரும் வருந்தினர், வேலையிழந்த தொழிலாளரும் வருந்தினர். நுண்ணிய சவ்வுகளால் நீரையும் உப்பையும் பிரித்தும், எஞ்சிய நீரைக் காய்ச்சி வற்றச் செய்தும், கழிவை ஆற்றில் விடாது மீண்டும் பயன்படுத்தும் முறை அதன்பின் வலுப்பெற்றது.

தொழில் வளர்தற்கும் அறிவு வேண்டும். தொழிலால் விளையும் கேட்டை நீக்குதற்கும் அறிவு வேண்டும். அவ்வறிவு ஒருவர் பையை நிரப்புவதோடு நின்றுவிடின் ஊர் உய்யாது. தமக்கு வந்த பெருஞ்செல்வத்தை மாணவர்க்கெனத் திருப்பிவிட்ட பட்நாகரின் வாழ்க்கை இதனையே நமக்கு உணர்த்துகின்றது. சேற்றிலும் பிசினிலும் உண்மை கண்ட அப்பெரியாரைப்போல, நம் கண்முன் உள்ள எளிய பொருள்களையும் ஆராய்ந்து அறிவோமாக. அறிந்ததன் பயனை ஊரோடு பகிர்ந்து வாழ்வோமாக.